மாசி வந்தால் விரல்களுக்கு வேலை

ஆற்றுகால் பொங்கலை என்றதும் எல்லோரும் கூட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் மண்ணிலும் இலையிலும் பூவிலும் நடக்கிற கைவேலை யார் கண்ணிலும் படுவதில்லை.

திருவனந்தபுரத்தில் வசந்தம் காலண்டரைப் பார்த்து வருவதில்லை. இலை உதிர்ந்து, மரம் மொட்டையாகி, பிறகு தளிர்விடும் நாடகமெல்லாம் இந்த ஊர் மரங்களுக்குப் பழக்கமில்லை. ஆண்டு முழுவதும் ஒரே பச்சை. மாசி பிறந்ததும் மாமரம் பிஞ்சு விடும், பலா அடிமரத்தில் காய் வைக்கும், வெயில் பிடரியைச் சுட ஆரம்பிக்கும். அவ்வளவுதான். ஆனால் கோட்டைக்குத் தெற்கே ஸ்ரீவராகம், மணக்காடு, ஆற்றுகால் தெருக்களில் வசிப்பவர்கள் பருவம் மாறியதை மூக்கால் தெரிந்துகொள்வார்கள். அடுக்களைகளிலிருந்து அரிசிமாவு வறுபடும் வாசனை வரும். முற்றத்தில் தென்னை ஓலையும் கொதும்பும் காயும். திண்ணையில் புது மண்பானை கவிழ்ந்து கிடக்கும். தெரு ஓரங்களில் செங்கல் குவியும்.

லட்சுமி வராகமூர்த்தி கோயிலும் அதன் விசாலமான குளமும்தான் ஸ்ரீவராகத்தின் அடையாளம். மற்ற நாட்களில் சந்தடியில்லாத குடியிருப்புப் பகுதி. ஆற்றுகால் பகவதி கோயிலுக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். அந்த அருகாமை காரணமாக, பொங்கலையன்று இந்தத் தெருக்களும் கோயில் முற்றமாகிவிடுகின்றன. முன்பின் தெரியாத பெண்கள் வீட்டு வாசலில் மூன்று செங்கல் வைத்து இடம் பிடித்திருப்பார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் குளியலறையைத் திறந்துவிடுவதும் வீட்டுக்காரர்களின் கடமை போலாகிவிட்டது. சுற்றுவட்டாரத்துப் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும்கூட அன்று தங்கள் வளாகங்களைத் திறந்துவைக்கின்றன.

மலையாளக் கணக்கில் கும்பம், தமிழ்க் கணக்கில் மாசி. கார்த்திகை நட்சத்திரத்தில் காப்புக் கட்டித் தொடங்கும் பத்து நாள் விழாவின் ஒன்பதாம் நாள், பூரமும் பௌர்ணமியும் கூடும் வேளையில் பொங்கலை. 1997இல் 15 லட்சம் பெண்கள் ஒரே நாளில் கூடினார்கள் என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. 2009இல் அந்தக் கணக்கு 25 லட்சமாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பத்திரிகைகளுக்கு எண்ணிக்கைப் பைத்தியம். எத்தனை லட்சம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை போலீஸ், எத்தனை சிறப்பு ரயில். இந்த எண்களுக்கு நடுவே ஒரு சின்ன விஷயம் காணாமல் போகிறது. இத்தனை லட்சம் பெண்களும் அன்று எதையோ தங்கள் கையால் செய்கிறார்கள். கடையில் வாங்கி வந்து நைவேத்தியம் செய்கிற விழா இல்லை இது.

தமிழர்களுக்கு இங்கே கூடுதல் உரிமை உண்டு. ஆற்றுகால் பகவதி கண்ணகிதான் என்பது நம்பிக்கை. மதுரையை எரித்துவிட்டுச் சேர நாடு நோக்கி நடந்தவள், குமரி வழியாகக் கொடுங்கல்லூருக்குப் போகும் பாதையில் இங்கே தங்கினாள் என்கிறது தலபுராணம். கிள்ளியாற்றங்கரையில் ஒரு சிறுமி வந்து, அக்கரை சேர்த்துவிடும்படி முல்லுவீட்டுப் பெரியவரிடம் கேட்டாளாம். விழா நாட்களில் பச்சை ஓலைப் பந்தலில் பாடப்படும் தோற்றம்பாட்டு முழுக்கக் கண்ணகி கதை. பாண்டியன் வதைப் பகுதி பாடி முடிந்த பிறகுதான் அடுப்பில் தீ வைப்பார்கள். கருவறை விளக்கிலிருந்து தந்திரி எடுத்துத் தரும் நெருப்பை மேல்சாந்தி வாங்கி, திடப்பள்ளி அடுப்பைப் பற்றவைத்து, பிறகு கோயில் முன்னுள்ள பண்டார அடுப்புக்குக் கொடுப்பார். அங்கிருந்து அது அடுப்புக்கு அடுப்பு தாவிப் பல கிலோமீட்டர் போகிறது. சிலப்பதிகாரத்தை வகுப்பில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய நமக்கு, அதே கதையின் நெருப்பு அடுத்த வீட்டு அம்மாளின் அடுப்பிலிருந்து ஒரு காய்ந்த ஓலையில் ஏறி வருவது வேறு அனுபவம்தான்.

பொங்கலை என்றால் வெறும் சர்க்கரைப் பொங்கல் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பானையில் பொங்குவது அரிசியும் வெல்லமும் தேங்காயும் சேர்ந்த பாயசம். அது சுலபமான பாகம். விரல்களுக்கு உண்மையான வேலை தருபவை அதனுடன் படைக்கும் இரண்டு பலகாரங்கள்: தெரளி, மண்டைப்புற்று.

தெரளிக்கு முதலில் இலை வேண்டும். வழனை என்றும் வயணை என்றும் தெரளி என்றும் பெயர் மாறுகிற இந்த மரம் லவங்கப்பட்டைக்கு நெருங்கிய உறவு. இலையைக் கசக்கினால் பட்டை வாசனை கைக்கு ஏறும். நாகர்கோவில் பக்கத்தில் திருக்கார்த்திகைக்குத் திரளிக் கொழுக்கட்டை செய்கிறவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலையோரத்து ஊர்களிலிருந்து கட்டுக்கட்டாக இறங்கும் இந்த இலை பொங்கலைக்கு முந்திய நாட்களில் சாலைக் கடைவீதியில் குவிகிறது. இந்தச் சாலையைத்தான் ஆ.மாதவன் தன் கதைகளில் திரும்பத் திரும்ப எழுதினார். 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்று, 2021இல் மறைந்த அவர் இதே வீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். சாலையின் வியாபாரப் பேச்சில் பாதி அன்றும் தமிழ், இன்றும் தமிழ்.

வழனை இலையில் காம்பிலிருந்து நுனிவரை நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும். இதைக் கவனிக்காமல் மடித்தால் கிழியும். இலையை வாட்டுவதும் இல்லை. பச்சையாகவே, ஓர் ஓரத்தை உள்ளே சுருட்டி, மறு ஓரத்தை அதன்மேல் கொண்டுவந்து கூம்பாக்கி, தென்னை ஈர்க்கின் துண்டால் குத்திவிட வேண்டும். ஈர்க்கு ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வந்து திரும்ப உள்ளே போனால்தான் நிற்கும். வறுத்த அரிசிமாவு, வெல்லம், துருவிய தேங்காய், ஏலம், சீரகம், நன்றாகக் கனிந்த பாளையங்கோட்டன் பழம் எல்லாம் பிசைந்த கலவையை உள்ளே வைத்து ஆவியில் வேகவைக்கிறார்கள். தண்ணீர் விட்டுப் பிசைவதில்லை, பழமும் வெல்லமும் விடும் ஈரமே போதும். இதெல்லாம் சமையல் புத்தகத்தில் இருக்கிறது. இல்லாதது கூம்பின் வாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதும், ஈர்க்கு எந்த இடத்தில் ஏற வேண்டும் என்பதும். அது பாட்டியின் கையைப் பார்த்துத்தான் வரும். முதல் பத்துக் கூம்பு வாய் பிளக்கும். பதினைந்தாவதிலிருந்து கை தானாக நடக்கும். அதன்பிறகு பேச்சு ஆரம்பமாகிறது. ஒரு வீட்டுப் பெண்கள் எல்லோரும், கல்யாணமாகிப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து, தரையில் வட்டமாக உட்கார்ந்து, கண்ணால் பார்க்காமலே இலை மடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசும் அந்த மூன்று மணி நேரம்தான் விழாவின் நல்ல பகுதி என்று சொன்னால் பகவதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மண்டைப்புற்று இன்னும் விசேஷம். பெயரே சொல்வது போல அது ஒரு தலை. வறுத்த சிறுபயறு மாவும் அரிசிமாவும் வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பிசைந்து, கையளவு உருண்டை பிடித்து, கிள்ளி மூக்கும் காதும் வைத்து, விரல் நுனியால் குழித்துக் கண் திறப்பார்கள். தலைவலி, தலை சம்பந்தமான நோய்கள் தீர வேண்டிக்கொண்டு படைப்பது இது. எல்லைக்கு அப்பால் மண்டைக்காட்டு அம்மன் கோயிலில் இதே மாசி மாதக் கொடைக்கு மண்டையப்பம் செய்கிறார்கள். அதுவும் தலைவலிக்குத்தான். இரண்டு கோயிலையுமே ‘பெண்களின் சபரிமலை’ என்று அழைக்கிறார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லையைத் திருத்தியவர்கள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டுக்குக் கொடுத்தார்கள். தலைவலிக்கான மருந்து மட்டும் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்துவிட்டது.

இந்த மாவுத் தலைகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எந்த இரண்டும் ஒன்றுபோல் இராது. ஒன்றுக்குக் காது யானைக்குப்போல. ஒன்று கண்ணை மூடித் தூங்கும். ஒன்று பக்கத்து வீட்டுக்காரரை நினைவுபடுத்தும், அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அளவெடுக்க அச்சு கிடையாது. மார்க் போட நடுவர் இல்லை. விற்கப் போவதும் இல்லை. ஆவியில் வெந்து, மதியம் தீர்த்தம் தெளித்த பிறகு, மாலைக்குள் பிரசாதமாகிப் பிய்ந்து போய்விடும் சிற்பம். மூன்று வேளையும் மற்றவர்களின் பசிக்கும் ருசிக்கும் சமைக்கிற பெண்ணுக்கு, ஆண்டில் ஒரு நாள், மாவைத் தன் இஷ்டத்துக்கு உருட்டி மூக்கு வைக்கும் சுதந்திரம் கிடைக்கிறது. அடுப்படியில் இருந்தாலும் அது சமையல் இல்லை. ஆண்கள் அன்று அருகே வருவதுமில்லை, உப்புப் போதுமா என்று கேட்பதுமில்லை. தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுவதோடு அவர்கள் வேலை சரி.

ஊரில் உள்ள தமிழ் பிராமணக் குடும்பங்களுக்கு இந்தப் பருவத்தில் இரட்டை வேலை. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரத்துக் காரடையான் நோன்பு, பொங்கலையை ஒட்டியே வந்துவிடுவதுண்டு. 2025இல் மார்ச் 13 பொங்கலை, மறுநாள் நோன்பு. முதல் நாள் கூம்பு மடித்த கை மறுநாள் அடை தட்டி, மஞ்சள் சரட்டில் பூ கட்டியது. கரமனை, வலியசாலை, கோட்டை அக்கிரகாரங்களில் அரைத்த மாவு தீர்ந்து போயிருந்தால் ஆச்சரியமில்லை.

இனிப் பானைக்கு வருவோம். விழாவின் நடுநாயகம் அதுதான். அதன் கதைதான் கொஞ்சம் கசப்பானதும்.

பொங்கலைக்கு வரும் மண்பானைகளில் ஏராளமானவை தமிழ்நாட்டிலிருந்து, குறிப்பாக நாகர்கோவில் சுற்றுவட்டாரத்திலிருந்து, லாரியில் வருபவை. குமரி மாவட்டக் குயவர்களின் ஆண்டுக் கணக்கு வித்தியாசமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பானை காயாது, சூளை எரியாது. கார்த்திகை அகலுக்கே மழையோடு போராட வேண்டும். மழை விட்டதும் தைப்பொங்கல் பானைக்குக் குறைந்த நாட்கள்தான் மிஞ்சும். தை கழிந்து சட்டென்று விழப்போகும் வியாபாரத்தை இன்னும் ஒரு மாதத்துக்கு இழுத்துப் பிடித்து நிறுத்துவது ஆற்றுகால். அதன்பிறகு கோடைக்கான தண்ணீர்ப் பானை. அதற்கும் இப்போது ஃபிரிட்ஜ் என்ற எதிரி.

பானை செய்வதைப் பார்ப்பவர்கள் சக்கரத்தோடு வேலை முடிந்ததென்று நினைத்துவிடுகிறார்கள். பாதிதான் முடிகிறது. சக்கரத்தில் உருவாவது வாயும் தோளும். அடிப்பகுதி கனமாக, முடிவு பெறாமல் இருக்கும். ஓரளவு இறுகியதும் பானையை மடியில் கவிழ்த்து, உள்ளே ஒரு வழவழப்பான கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடிக்கொண்டு வருவார்கள். கல் உள்ளே எங்கிருக்கிறதோ அங்கேதான் பலகை வெளியே விழ வேண்டும். கண்ணுக்கு உள்ளே தெரியாது. காதும் கையும்தான் வழிகாட்டி. ஒவ்வொரு தட்டுக்கும் களிமண் மெலிந்து விரிகிறது. கடைசியில் தட்டையே இல்லாத உருண்டை அடி. தரையில் வைத்தால் ஆடும் இந்த அடிதான் மூன்று கல் அடுப்புக்குப் பொருத்தம். நெருப்பு மூலை முடுக்கில்லாமல் சுற்றிப் பரவும். சுவர் எங்கும் ஒரே கனமாக இருப்பதால் சூட்டில் ஒரு பக்கம் விரிந்து மறு பக்கம் பிளக்கும் ஆபத்து குறைகிறது. தட்டியது சரியாக இல்லை என்றால் அதைச் சூளை சொல்லும். சூளையில் தப்பினால் பொங்கலையன்று, பக்கத்தில் நூறு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அடுப்பு சொல்லும்.

அதனால்தான் வாங்கும் பெண்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் பானை எடுப்பதில்லை. கணீரென்றால் எடுக்கலாம். மந்தமாகக் கேட்டால் எங்கோ மயிரிழை விரிசல். வாங்கிய பானையை இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போடுவது அனுபவசாலிகளின் பழக்கம். ஈரம் குடித்த மண் முதல் நெருப்புக்குத் திடுக்கிடாது. பிறகு அதற்கு மஞ்சள், குங்குமம், சந்தனப்பொட்டு, கழுத்தில் பூச்சரம். சாதாரணக் களிமண் பானை ஓர் ஆளாகிவிடுகிறது.

2021இலும் 2022இலும் கொரோனா காரணமாகச் சாலையோர அடுப்புகளுக்கு அனுமதி இல்லை. கோயிலில் பண்டார அடுப்பு மட்டும் எரிந்தது. பெண்கள் அவரவர் வீட்டு முற்றத்தில் பொங்கல் வைத்தார்கள். ஸ்ரீவராகத்துப் பெண்களுக்கு அது பெரிய நஷ்டமில்லை. முற்றமும் உண்டு, முந்திய ஆண்டுப் பானையும் உண்டு. வெளியூர்க் கூட்டத்தை நம்பிச் சூளை வைத்தவர்களுக்குத்தான் இரண்டு மாசிகள் தொலைந்தன. 2023 மார்ச் 7ஆம் தேதி தெருக்கள் மறுபடி நிரம்பின. ஆனால் இந்த இடைவெளியில் சக்கரத்தை விட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஏற்கெனவே மகன்கள் போய்க்கொண்டிருந்த பாதைதான் அது.

மண் இன்னொரு தலைவலி, மண்டைப்புற்றால் தீராதது. கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வயல் மண்ணைத் தோண்டுவதற்குக் கடிவாளம் போட்டது. செங்கல் சூளைக்காரர்கள் வயல்களைக் குட்டையாக்கிய வேகத்தைப் பார்த்தால் சட்டம் தேவைதான். ஆனால் லாரி லாரியாக அள்ளிய செங்கல் முதலாளியும் கூடையில் அள்ளிய குயவரும் ஒரே தராசில் ஏறினார்கள். தமிழ்நாட்டில் குளத்து வண்டலும் களிமண்ணும் எடுக்கக் கலெக்டர் அலுவலகம்வரை அலைய வேண்டியிருந்தது. 2024இல் குயவர்களும் விவசாயிகளும் தாசில்தார் அளவிலேயே அனுமதி பெற்று இலவசமாக எடுக்கலாம் என்று விதிகள் தளர்த்தப்பட்டன. பொங்கலைப் பானையைக் கொண்டாடும் மாநிலத்தில் மண் கிடைப்பது கஷ்டம். மண் கிடைக்கிற மாநிலத்தில் பானைக்கு வேலை குறைவு. இரண்டும் சந்திக்கிற இடம் ஆண்டுக்கு ஒரு நாள், இந்தத் தெருக்கள்.

பானையைப் போலவே எல்லை தாண்டி வருகிறது பூ. தோவாளைச் சந்தை விடியுமுன்பே விழித்துக்கொள்வது திருவனந்தபுரத்துக்கும் சேர்த்துத்தான். அங்கிருந்து வரும் பூக்கட்டுகளில் அபூர்வமான ஒரு சரக்கு உண்டு. அதன் பெயர் மாணிக்க மாலை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நடுநடுவே நொச்சி இலை. கட்டுவதற்குச் சம்பா நார். நூலில் பூவைக் கோப்பது போலல்ல இது. பூவை மடித்து மடித்து, வரிசை வரிசையாக, பாய் முடைவது போலத் தட்டையாகப் பின்னிக்கொண்டு போகிறார்கள். மடிந்த இதழ்கள் பட்டை தீட்டிய கல் மாதிரி ஒளியை வாங்கிக்கொள்ளும். பத்மநாபசுவாமிக்குச் சார்த்த வந்த மாலையைப் பார்த்த திருவிதாங்கூர் மன்னர் ஒருவர் மாணிக்கம் போல இருக்கிறதே என்று வியந்ததால் இந்தப் பெயர் என்று தோவாளையில் சொல்லுவார்கள். கதை எப்படியோ, பெயர் பொருத்தமானது.

2025இல் தோவாளை மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணம் வெற்றிலைக்கும் அதே சமயத்தில் கிடைத்தது. சந்தோஷமான செய்தி. குறியீடு வேறு ஊர்க்காரர் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதைத் தடுக்கும். ஆனால் தரையில் குனிந்து உட்கார்ந்து மடித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் கூலியை அது தானாக உயர்த்தாது. சாதாரணச் சரம் கட்டுவதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கிற வேலைக்குப் பல மடங்கு விலை கொடுக்க வாங்குபவருக்கு மனம் வர வேண்டும். மறுநாள் வாடிப்போகும் பொருளுக்கு அந்த மனம் வருவது கடினம். பட்டுப் புடவைக்குக் குறியீடு கிடைத்தால் பெட்டியில் பூட்டி வைக்கலாம். பூவை என்ன செய்வது?

விழா நாட்களின் இன்னொரு கைவேலை ஆண்கள் பக்கம். விளக்குக்கெட்டு என்பார்கள். வளைவான உயரச் சட்டம், நடுவில் தேவியின் உருவம், சுற்றிலும் ஜிகினா, வண்ணக் காகிதம், முத்துச்சரம், விளக்கு வரிசை. சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் இதைத் தலையில் தூக்கிக்கொண்டு தாளத்துக்கு ஆடியபடி கோயிலுக்கு வருவார்கள். எந்தத் தெருவின் கெட்டு அழகு என்பதில் பலமான, ஆனால் யாரும் ஒப்புக்கொள்ளாத போட்டி. பத்தாம் வகுப்புக் கைவேலைப் பாடத்தைக் கட்டடித்த பையன்கள்கூட இந்தப் பத்து நாட்களில் கத்தரிக்கோலும் பசையுமாக இரவு விழிக்கிறார்கள். தெர்மாகோலும் பல்பும் வந்தபின் உயரமும் பகட்டும் கூடிவிட்டன. குருத்தோலையும் மூங்கிலும் தெரிந்த கை அப்படிப் பெருகியதாகச் சொல்ல முடியாது. தாலப்பொலி எடுக்கும் சிறுமிகளின் தலையில் வைக்கும் பூக்கிரீடம் மட்டும் இன்னும் பூவாகவே இருக்கிறது. அதை அம்மாமார்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

மாசி போய்ப் பங்குனி வந்தால் கோட்டைக்குள்ளே பத்மநாபசுவாமியின் திருவிழா. கிழக்கு நடையில் பஞ்ச பாண்டவர்கள் ஆளுயரத்தைத் தாண்டி நிற்பார்கள். மழைக்கு இந்திரனைக் குளிர்விக்க என்பது ஐதீகம். பிறகு சித்திரை விஷு, கொன்றை. மரம் நிறையப் பூத்துக் கிடக்கும்போதே கடைகளில் பிளாஸ்டிக் கொன்றைக் கொத்து தொங்குகிறது. வாடாதாம், அடுத்த விஷுவுக்கும் ஆகுமாம். ஓணம்வரை காத்திருந்தால் கரமனை விளையில் வீட்டுக் குடும்பத்தினர் விரதமிருந்து எழுதும் ஓணவில்லைப் பார்க்கலாம். வில் வடிவ மரப்பலகையில் அனந்தசயனமும் தசாவதாரமும் தீட்டி, சிவப்புக் குஞ்சலம் கட்டி, திருவோணத்தன்று கோயிலில் சமர்ப்பிப்பது அவர்களின் பரம்பரை உரிமை. அது ஒரு குடும்பத்தின் கலை. புத்தன்சந்தையில் அரசு நடத்தும் எஸ்.எம்.எஸ்.எம். கைவினைக் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஈட்டி மர யானைகள் தேர்ந்த தச்சர்களின் கலை. இவற்றுக்கெல்லாம் பெயர் உண்டு, விலை உண்டு, விருது உண்டு. இலை மடிக்கிற கைக்கும் மாவுக்கு மூக்கு வைக்கிற கைக்கும் இவை எதுவும் இல்லை. ‘கைவினை’ என்ற தலைப்பில் அரசாங்கம் போடும் பட்டியலில் தெரளி வரவே வராது. மாலைக்குள் தின்று தீர்ந்துவிடுவதை எந்த மியூசியத்தில் வைப்பது என்ற சங்கடம் அதிகாரிகளுக்கு.

ஆனால் தெரளியின் ஆபத்து பட்டியலில் இல்லாததால் வருவதல்ல, கடையில் கிடைப்பதால் வருவது. வறுத்த மாவு பாக்கெட்டில் வந்து பல காலமாகிறது. வெல்லம், மாவு எல்லாம் கலந்து, பழத்தைப் பிசைந்துவிட்டால் போதும் என்கிற கலவையும் கிடைக்கிறது. அவித்த தெரளியே எண்ணி வாங்கலாம். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், பொங்கலைக்கு முந்திய இரவு எட்டு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்ணிடம் இலை மடி என்று உபதேசம் செய்வது அநியாயம். அவள் பாக்கெட் வாங்குகிறாள். ஆனாலும் ஒரு வேடிக்கை. அப்படி வாங்குகிறவர்களில் பலர் இலையை மட்டும் கட்டாக வாங்கிப்போகிறார்கள். கலவை கடையுடையது, கூம்பு தன்னுடையது. எதைப் பிறர் கையில் விடலாம், எதை விடக்கூடாது என்று அவர்களே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அலுமினியப் பானை மலிவாகவும் உடையாததாகவும் கிடைத்தபிறகும் மண்பானைக் குவியல்கள் ஆண்டுதோறும் தீர்ந்துபோவதற்கும் இந்தக் கோடுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பொங்கலையன்று காலை பத்து, பத்தரைக்குள் நெருப்பு ஸ்ரீவராகத்துத் தெருக்களுக்கு வந்துவிடும். முதலில் புகை, பிறகு குலவை. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கண் எரியும். ஓலையையும் கொதும்பையும் அளவோடு தள்ளித் தணலைப் பிடித்து நிறுத்துவது தனி வித்தை. காஸ் அடுப்பில் பழகிய இளம் பெண்கள் இதில்தான் தடுமாறுவார்கள். பக்கத்து அடுப்புப் பாட்டி, எந்த ஊரோ, என்ன பேரோ, எட்டி ஒரு கொதும்பைத் திருப்பி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். பானை விளிம்பில் நுரை கட்டி, ஒரு பக்கமாகச் சரிந்து வழியும். எந்தத் திசையில் வழிந்தது என்று பார்ப்பார்கள். கிழக்கென்றால் விசேஷம். பாயசம் இறங்கியதும் அதே தணலில் ஆவிப் பாத்திரம் ஏறும். மூடியைத் திறக்கும்போது வழனை வாசனை தெரு முழுக்கப் பரவும்.

பிற்பகலில் பூசாரிகள் தெருத் தெருவாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார்கள். மேலே ஒரு சின்ன விமானம் பூத்தூவிச் செல்லும். ஒரு மணி நேரத்தில் தெரு காலியாகும். பானையைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் ரயிலடிக்கும் பஸ் நிலையத்துக்கும் நடப்பார்கள். செங்கற்களை மாநகராட்சி லாரிகள் அள்ளிச் செல்லும். ஏழைகளுக்கான லைஃப் திட்ட வீடுகளுக்கு அவை போகின்றன. ஒரு பக்கம் கறுத்த செங்கல்லாக இருந்தாலும் சுவர் கட்டினால் செங்கல்தான்.

மாலையில் மிஞ்சுவது வாசல்களில் கரிவட்டமும் சிதறிய ஈர்க்குத் துண்டுகளும். வீட்டுக்குள்ளே ஒரு தட்டில் நாலைந்து மண்டைப்புற்று ஆறிக்கொண்டிருக்கும். காது பெரிதான அந்தத் தலையை யார் தின்பது என்று குழந்தைகள் சண்டை போடுவார்கள். எல்லை கடந்து திரும்பும் காலி லாரிகளில் வைக்கோல் மட்டும் இருக்கும். குமரிப் பக்கத்துச் சூளைகளில் அடுத்த நாள் தண்ணீர்ப் பானைக்கு மண் மிதிக்க வேண்டும். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது.